இலவச பிரிண்டுக்கு வரம்பு: காகிதம் மிச்சமா, மாணவன் தலையில் செலவா?

நாலாம்_செமஸ்டர்

கோவைக்குப் பக்கத்தில் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் படிக்கிறேன். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். நூலகத்திலும் கணினி ஆய்வகத்திலும் இத்தனை நாள் பிரிண்ட் இலவசம். அடுத்த செமஸ்டரிலிருந்து ஒரு செமஸ்டருக்கு ஆளுக்கு 150 பக்கம்தான் இலவசம், அதற்கு மேல் பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று நூலகக் குழு ஒரு வரைவு வெளியிட்டிருக்கிறது. கூடவே இன்னொரு மாற்றம். கணினியில் பிரிண்ட் கொடுத்தவுடன் தாள் வெளியே வந்து விழாது. பிரிண்டர் பக்கத்தில் போய் ஐடி கார்டைக் காட்டினால்தான் வரும். மறுநாள் வரை ஆள் வராவிட்டால் அந்த ஃபைல் தானாக அழிந்துவிடும். மாத இறுதிக்குள் மாணவர்கள் கருத்துச் சொல்லலாமாம்.

நான் இதை முழுதாக ஆதரிக்கிறேன். இரண்டாம் மாடி பிரிண்டர் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது, போய்ப் பாருங்கள். யாரும் எடுக்காத தாள்கள் அதில் கிடக்கும். யாரோ ஒருவருடைய ரெஸ்யூமே நாலு பிரதி, ஒரே ஒரு வரி மட்டும் வந்த கடைசிப் பக்கங்கள், 'தேங்க் யூ' என்று மட்டும் அச்சான ஸ்லைடுகள், ஊருக்குப் போய்விட்டு வந்தவனின் பழைய ரயில் டிக்கெட். காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் வரும் அலட்சியம் இது.

எடைக் கணக்கும் சொல்கிறேன். 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். நாம் வாங்குவது 75 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 75 கிராம், ஒரு தாள் 4.7 கிராம். 500 தாள் உள்ள ஒரு ரீம் 2.3 கிலோவுக்கு மேல். அந்தப் பெட்டி நிரம்ப நிரம்ப எத்தனை மரம் போகிறது என்று யோசியுங்கள்.

பி_பிளாக்_அந்தியூர்

யோசித்தேன். எதிர்க்கிறேன்.

ரயில் டிக்கெட்டை அடித்துப் போட்டுவிட்டுப் போகிறவனிடம் லேப்டாப் இருக்கிறது, வீட்டில் பிரிண்டரும் இருக்கலாம். அவனுக்கு ஒரு ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. நான் முதல் பட்டதாரி சலுகையில் படிப்பவன். என்னிடம் இருப்பது ஒரு போன். சார் கூகுள் கிளாஸ்ரூமில் போடும் 300 பக்க நோட்ஸை உள்ளங்கை அளவு திரையில் பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி பெரிதாக்கி, நடுவில் வாட்ஸ்அப் வந்து, அப்புறம் எங்கே விட்டோம் என்று தேடிப் படிக்க வேண்டும். பிரிண்ட் எனக்குச் சொகுசு இல்லை, அதுதான் பாடப் புத்தகம்.

தாளில் படித்தால் மனதில் நிற்கிறது என்பது சும்மா பழக்கத்தில் சொல்வதும் இல்லை. 2018-இல் 54 ஆய்வுகளைத் தொகுத்து வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. நேரம் நெருக்கும்போது, தகவல் சார்ந்த பாடத்தைத் திரையில் படிப்பவர்களைவிடத் தாளில் படிப்பவர்களுக்கு நன்றாகப் புரிகிறது என்பதுதான் அதன் முடிவு. தேர்வுக்கு முந்தின வாரம் நம் நிலைமையும் அதுதானே?

ஐடி கார்டு காட்டும் ஏற்பாட்டைக் கொண்டு வாருங்கள், முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். பெட்டியில் குப்பை சேருவது அதிலேயே நின்றுவிடும். 150 பக்க வரம்பு எதற்கு?

ஓடி_லெட்டர்

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். ஒரு நாள் சிம்போசியத்துக்குப் போக வேண்டும் என்றால் ஓடி, அதாவது 'ஆன் டியூட்டி' அனுமதி கேட்டு ஒரு கடிதம், நிகழ்ச்சி போஸ்டரின் கலர் பிரிண்ட் ஒன்று, வகுப்பு ஆலோசகர் கையெழுத்துக்கு ஒரு படிவம், போய் வந்த பிறகு சான்றிதழ் ஜெராக்ஸ் ஒன்று, அதை ஒட்ட ஒரு வெள்ளைத்தாள். இதெல்லாம் என்னுடைய 150-இல் கழியுமா, கல்லூரிக் கணக்கில் கழியுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்லூரியில் காகிதத்தை உண்மையிலேயே சிக்கனமாகச் செலவழிப்பவர்கள் மைக்ரோ ஜெராக்ஸ் போட்டுத் தேர்வு எழுதுகிறவர்கள்தான். ஒரு யூனிட்டே உள்ளங்கையில் அடங்கிவிடும். பசுமை மன்றம் அவர்களுக்கு விருது தர வேண்டும்.

நாலாம்_செமஸ்டர்

@பி_பிளாக்_அந்தியூர்: 300 பக்க நோட்ஸ் என்கிறீர்கள். அதில் பாதி, பாடப் புத்தகத்தைப் படம் பிடித்துப் போட்டது. அதே புத்தகம் நூலகத்தில் அடுக்கடுக்காக இருக்கிறது, புத்தக வங்கியில் செமஸ்டர் முழுக்க வைத்துக்கொள்ளலாம். எடுத்துப் படிக்காமல் பிரிண்ட் அடிப்பது வசதிக்காகத்தானே?

150 பக்கம் குறைவு என்றால் எவ்வளவு வேண்டும் என்று சொல்லுங்கள். வரம்பே இல்லாத இலவசம் என்றால் அதை எவனும் மதிக்க மாட்டான். கையெழுத்துப் போட்டுத் தாள் வாங்க வேண்டிய ஆய்வகத்தில் யாராவது தாளைக் கசக்கிப் போடுகிறார்களா?

கேட்டுக்கு_எதிர்க்கடை

தம்பிகளா, நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கல்லூரி இல்லைங்க, வேறு கல்லூரி வாசல். அங்கேயும் இதே வரம்பு வந்தது. அதனால் எனக்கு வியாபாரம் கூடியது. காகிதம் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. கல்லூரிக்குள் அடித்ததை என் கடையில் அடித்தார்கள், அவ்வளவுதான். கல்லூரியின் பேப்பர் பில் இறங்கியிருக்கும். அதை வைத்துச் சுற்றுச்சூழல் அறிக்கையில் நாலு வரி எழுதியும் இருப்பார்கள்.

இந்த வரைவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. 150 'பக்கம்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு தாளில் முன்னும் பின்னும் அடித்தால் இரண்டு பக்கம் கழியும். ஒரு பக்கம் மட்டும் அடித்து 150 தாளைக் காலி செய்தாலும் 150-தான் கழியும். அப்புறம் எவன் பேக் டு பேக் அடிப்பான்? அடித்தால் அவனுக்கு என்ன லாபம்? ஒரு பக்கம் அடித்தால் படிக்க வசதி, பின்னால் குறிப்பும் எழுதலாம்.

ஏன் பக்கக் கணக்கு என்று கேட்டால், பெரிய மெஷின்களை வாடகைக்கு எடுத்தால் பில் அப்படித்தான் வரும். மெஷினில் இருக்கும் மீட்டர் அச்சை எண்ணும், தாளை எண்ணாது. வாடகைக்காரருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க எழுதிய விதி இது. காகிதத்தை நினைத்து எழுதியிருந்தால் தாள் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள்.

பி_பிளாக்_அந்தியூர்

அண்ணா, நச்சென்று சொன்னீர்கள். இதையே கொஞ்சம் பெருக்கிப் பார்க்கிறேன். 1,600 மாணவர்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 150 என்றால் 2,40,000 பக்கம். எல்லாரும் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் 480 ரீம், எடையில் ஒரு டன்னுக்கு மேல். இவ்வளவும் வரம்புக்கு உள்ளேயே! வரம்பு என்ற பெயரில் ஒரு டன் காகிதத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். செமஸ்டர் முடியும் வாரத்தில் 40 பக்கம் மீதி இருந்தால் விடுவானா? எதையாவது அடித்துத்தான் தீர்ப்பான், அது அவன் உரிமையாகிவிட்டது.

நாலாம்_செமஸ்டர்

தாள் கணக்குக்கு மாற்றச் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. 75 தாள், மீதியை அடுத்த செமஸ்டருக்குக் கொண்டு போகலாம் என்று எழுதச் சொல்வோம். ஆனால் விதியில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக விதியே வேண்டாம் என்பது சரியில்லை. தாள் கணக்கு வந்தால் நீங்கள் ஆதரிப்பீர்களா?

பி_பிளாக்_அந்தியூர்

மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

இறுதியாண்டு பிராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அணிக்கு நாலு பேர். ரிப்போர்ட் 60 பக்கம். நாலு பேருக்கு நாலு பிரதி, வழிகாட்டிக்கு ஒன்று, துறை நூலகத்துக்கு ஒன்று. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சிட வேண்டும் என்று விதி. 360 தாள் ஆகிறது. நூறு அணி என்றால் 36,000 தாள், 72 ரீம். இரண்டு பக்கமும் அச்சிடலாம் என்று ஒரே ஒரு வரி மாற்றினால் 36 ரீம் மிச்சம். எந்த மாணவன் கையையும் கட்ட வேண்டியதில்லை, எவனிடமும் ஒரு ரூபாய் வாங்க வேண்டியதில்லை.

இது இறுதிப் பிரதி மட்டும். அதற்கு முன் திருத்தத்துக்கு என்று கொடுக்கும் பிரதிகள் தனி. முதல் ரிவ்யூ, இரண்டாம் ரிவ்யூ, மூன்றாம் ரிவ்யூ. ஒவ்வொரு முறையும் முழு ரிப்போர்ட். மூன்றாம் அத்தியாயத்தில் படத்தின் எண் தவறு என்றால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து அடி. இவ்வளவையும் அடிக்கச் சொல்கிறவர்களுக்கு வரம்பு இல்லை. சொன்னதைச் செய்பவனுக்கு வரம்பு.

திருப்பூரில் நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் போனபோது பனியன் போடுகிறவனைப் பிடிக்கவில்லை. 2011-இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது சாயப்பட்டறைகளைத்தான். இங்கேயும் பட்டறை எது என்று முதலில் பாருங்கள்.

துறை_ஆசிரியை

இந்தப் பகுதியில் வேறொரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பட்டறையிலிருந்து ஒருவர் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

நீங்கள் சொன்ன ரிப்போர்ட் கணக்கு உண்மை. இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் நாங்கள் ஒரு கோர்ஸ் ஃபைல் வைக்க வேண்டும். பாடத்திட்டம், பாடவாரியான திட்டம், கால அட்டவணை, பெயர்ப் பட்டியல், வினாத்தாள்கள், விடைக்குறிப்பு, நன்றாக எழுதியவர், நடுத்தரம், குறைவாக எழுதியவர் என்று மாதிரி விடைத்தாள்கள், எந்தப் பாடம் எந்தத் திறனுக்கு உதவுகிறது என்று பொருத்திக் காட்டும் அட்டவணைகள், மாணவர் கருத்துப் படிவங்கள். எல்லாம் கணினியில் இருக்கிறது. இருந்தும் அடித்து, துளை போட்டு, பெட்டிக் கோப்பில் வைக்கிறோம். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் அமைப்புக்கான சுய ஆய்வு அறிக்கையே இணையத்தில்தான் பதிவேற்றுகிறோம். ஆனாலும் மதிப்பீட்டுக் குழு 'காட்டுங்கள்' என்று கேட்டால் மேசை மேல் எடுத்து வைக்க ஏதாவது வேண்டும் என்ற பயம். கேட்பார்களோ இல்லையோ, பயம் மட்டும் நிச்சயம். காகிதம் அடிப்பது பாதி இந்தப் பயத்தில்தான்.

ஆனால் மாணவர்கள் பக்கம் தவறே இல்லை என்பதுபோல் பேசுவதை ஏற்க மாட்டேன். நான் வகுப்புக்காகத் தயாரிக்கும் 80 ஸ்லைடுகளை, கருநீலப் பின்னணியோடு, பக்கத்துக்கு ஒன்றாக அடித்து எடுத்து வருகிறார்கள். 80 தாள்! அதையே பக்கத்துக்கு நாலு ஸ்லைடு, இரண்டு பக்கமும் என்று கொடுத்தால் 10 தாளில் முடிந்துவிடும். பவர்பாயிண்டில் பிரிண்ட் கொடுக்கும் இடத்திலேயே 'பியூர் பிளாக் அண்ட் ஒயிட்' என்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பின்னணி நிறம் போய்விடும், டோனரும் மிச்சம். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். காசு தன் கையிலிருந்து போகாத வரை யாரும் அந்தப் பட்டனைத் தேடுவதில்லை. அதனால் ஒரு சின்ன வரம்பு தேவை என்றே நினைக்கிறேன்.

பி_பிளாக்_அந்தியூர்

மேடம், ஸ்லைடைக் கருநீலத்தில் செய்தது யார்?

துறை_ஆசிரியை

ப்ரொஜெக்டரில் பார்க்கச் செய்தது, தம்பி. அச்சடிக்கச் செய்தது இல்லை. இருந்தாலும் கேள்வி நியாயம்தான். வெள்ளைப் பின்னணியில் ஒரு பிடிஎஃப் தனியாகப் போடலாம், எனக்கு இரண்டு நிமிட வேலை.

புகளூர்_பக்கம்

முதல் பதிவில் 'எத்தனை மரம்' என்று வந்ததே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் காகிதபுரம். அங்கே இருக்கும் தமிழ்நாடு காகித ஆலை 1979-இல் நிறுவனமாகப் பதிவாகி 1984-இல் உற்பத்தி தொடங்கியது. தொடங்கியதே கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத்தான். சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரித்துவிடும். அதற்குப் பதிலாக வேறு எரிபொருளும் நீராவியும் ஏற்பாடு செய்து கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொண்டார்கள். ஈரோட்டுக்கு எதிர்க்கரை, பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை அதற்கும் முன்னாலிருந்தே, 1960-களிலிருந்து ஓடுகிறது. அதற்குப் பக்கத்திலேயே பொன்னி சர்க்கரை ஆலை.

மரமும் போகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது காட்டு மரம் இல்லை. சவுக்கும் தைலமரமும் விவசாயிகள் நட்டு, சில வருடத்தில் வெட்டி விற்பது. தண்ணீர் குறைந்த நிலத்தில் பலருக்கு அதுதான் வருமானம். 'ஒரு தாளை மிச்சம் பிடித்தால் ஒரு மரம் பிழைக்கும்' என்று போஸ்டர் அடித்தால் எங்கள் பக்கத்து விவசாயி சிரிப்பார். மரம் விற்காவிட்டால் அவர் அடுத்த முறை நடவே மாட்டார்.

அதனால் காகிதத்தை வீணாக்கலாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். கூழ் காய்ச்ச நீராவி வேண்டும், நீராவிக்கு நிலக்கரி எரிக்க வேண்டும். கூழை வெளுக்க ரசாயனம். எல்லாவற்றுக்கும் தண்ணீர், அதுவும் காவிரித் தண்ணீர். நீங்கள் பெட்டியில் போடும் அந்த 'தேங்க் யூ' ஸ்லைடுக்கு இவ்வளவும் செலவாகியிருக்கிறது. பசுமை மன்றம் இதைச் சொன்னால் நானும் சேர்ந்து சொல்வேன்.

ஒரு வேண்டுகோள்: 'காகிதம் காப்போம்' என்று ஃப்ளெக்ஸ் பேனர் வைக்காதீர்கள். எங்கள் பழைய கல்லூரியில் வைத்தார்கள். அது பிவிசி. காகிதமாவது மட்கும்.

நாலாம்_செமஸ்டர்

மரக் கணக்கை விட்டுவிடுகிறேன், தண்ணீரும் நிலக்கரியும் போதும் எனக்கு. பேனர் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தாயிற்று என்று மன்றத்தில் சொல்கிறார்கள். நிறுத்தப் பார்க்கிறேன்.

பி பிளாக் நண்பருக்கு: துறைகளும் அடிக்கின்றன என்பதற்காக மாணவர்கள் அடிப்பதைக் குறைக்க வேண்டாமா? இரண்டையும் ஒன்றாகச் செய்தால் என்ன? துறைகள் திருந்தும் வரை நாம் திருந்த மாட்டோம் என்றால் எதுவும் நடக்காது. அதோடு, கோர்ஸ் ஃபைலை மாற்றும் அதிகாரம் நூலகக் குழுவுக்குக் கிடையாது. அவர்கள் கையில் இருப்பது நூலகப் பிரிண்டர்தான். கையில் இருப்பதைத்தானே மாற்ற முடியும்?

பி_பிளாக்_அந்தியூர்

கையில் சிக்கியவனைப் பிடிப்பது என்பதும் அதுதான்.

சரி, மறுசுழற்சி பற்றி ஏன் யாரும் பேசவில்லை? அடித்த தாளெல்லாம் நெருப்பிலா போகிறது?

கேட்டுக்கு_எதிர்க்கடை

என் கடையில் வீணாகும் தாளைப் பழைய பேப்பர் கடைக்குத்தான் போடுகிறேன். வெள்ளைத்தாளைத் தனியாகக் கட்டினால் நல்ல விலை. செய்தித்தாள், அட்டை எல்லாம் கலந்து போட்டால் எல்லாவற்றுக்கும் குறைந்த விலைதான் கிடைக்கும். கல்லூரிகளில் பெரும்பாலும் கலந்துதான் போடுகிறார்கள். டீ கப்பும் சாம்பார் பட்ட தாளும் சேர்ந்துவிட்டால் கடைக்காரர் தொடவே மாட்டார்.

பிராஜெக்ட் ரிப்போர்ட்தான் பெரிய தலைவலி. ஸ்பைரல் கம்பி பிளாஸ்டிக், மேலட்டை ஓஎச்பி ஷீட் என்னும் கண்ணாடி பிளாஸ்டிக் தாள், ஹார்ட் பைண்டிங் என்றால் ரெக்ஸின், பசை, பொன்னிற எழுத்து. இதை உரிக்க ஆள் கூலி கட்டாது. அப்படியே மூட்டையாகக் கிடக்கும்.

இன்னொரு விஷயம், வீணாவதில் பெரும்பகுதி எப்படி வருகிறது என்று கடையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். பையன்கள் வாட்ஸ்அப்பில் வேர்டு ஃபைலாக அனுப்புகிறார்கள். அவர்கள் கணினியில் இருக்கும் ஃபாண்ட் என் கணினியில் இருக்காது. 60 பக்கம் 63 ஆகிவிடும். பொருளடக்கத்தில் போட்ட பக்க எண் எல்லாம் தப்பாகிவிடும். அதைப் பார்க்காமல் நாலு பிரதி அடித்து, பைண்டிங்கும் போட்டு, துறைக்குப் போய், திட்டு வாங்கித் திரும்பி வருவார்கள். மறுபடி நாலு பிரதி. பிடிஎஃப்-ஆக மாற்றி அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை. முதலில் ஒரு பிரதி அடித்துப் புரட்டிப் பாருங்கள், அப்புறம் மீதி என்று நானும் சொல்வேன். 'டைம் இல்லைண்ணா' என்பார்கள். கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு எவனுக்குத்தான் டைம் இருக்கும்?

ஒரு பக்கம் அடித்த தாளைத் திருப்பிப் போட்டு அடிக்கலாமே என்று சிலர் கட்டோடு வருவார்கள். ஒரு முறை மெஷினுக்குள் சூடுபட்ட தாள் வளைந்திருக்கும், ஜாம் ஆகும். நடுவில் ஒரு ஸ்டேப்ளர் பின் இருந்தால் டிரம் போச்சு. அந்தத் தாளைத் தைத்து ரஃப் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், மெஷினில் விடாதீர்கள்.

புகளூர்_பக்கம்

அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் ஐடிசி-யின் அட்டை ஆலை பழைய காகிதத்தை வைத்துத்தான் ஓடுகிறது. வெகுதூரம் அனுப்ப வேண்டிய அவசியமே நமக்கு இல்லை. ஆனால் லேசர் பிரிண்ட் தாளைத் திரும்ப வெள்ளைத்தாளாக்குவது செய்தித்தாளைப்போல் சுலபம் இல்லை. டோனர் என்பது மை இல்லை, பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்கத் தனி ஏற்பாடு வேண்டும். அட்டையாக்கினால் அவ்வளவு சிரமம் இல்லை. நாரும் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே வரும், அதனால் சில சுற்றுகளுக்குமேல் புதுக் கூழ் கலக்காமல் முடியாது. மறுசுழற்சி இருக்கிறது என்று சொல்லி அடித்துத் தள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓடி_லெட்டர்

இன்டர்னல் விடைத்தாளை யாரும் பேசவில்லையே. பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம். என்னுடையதில் முக்காலுக்கு மேல்.

துறை_ஆசிரியை

அது உங்கள் விடைத்தாளின் சிறப்பு, தம்பி. ஆனால் விஷயம் பெரியது. சின்னத் தேர்வுக்கும் பெரிய விடைப் புத்தகம் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மெலிந்த புத்தகம் கொடுத்து, கேட்பவர்களுக்குக் கூடுதல் தாள் கொடுத்தாலே போதும். கண்காணிப்பாளருக்கு நடை கொஞ்சம் கூடும். அதற்காகத்தான் யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

ரிப்போர்ட்டை ஒரு பக்கம்தான் அடிக்க வேண்டும் என்ற விதிக்கு வருவோம். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் சொன்னபடிதான் போக வேண்டும். உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்கிறீர்கள். அப்படியானால் பாடத்திட்டக் குழுவில் வைத்து, அகாடமிக் கவுன்சிலில் ஒப்புதல் வாங்கினால் உங்கள் கல்லூரியே மாற்றிக்கொள்ளலாம். பிஎச்டி ஆய்வேடுகளை மின்வடிவில் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2009-இலேயே விதி போட்டுவிட்டது. அவை இந்திய ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறுகின்றன. ஆய்வேட்டுக்கே அது சரி என்றால் பி.இ. ரிப்போர்ட்டுக்கு ஆறு அச்சுப் பிரதி எதற்கு? துறைக்கு ஒன்று போதும், மீதி பிடிஎஃப். வேண்டும் என்று ஆசைப்படுகிற மாணவன் தன் செலவில் ஒன்று போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். அம்மா அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்பார்கள், அதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

திருத்தப் பிரதிகளைப் பற்றி: எனக்குத் தாளில் திருத்துவதுதான் கைவரும். கூகுள் டாக்ஸில் ஓரத்தில் குறிப்பு எழுதலாம் என்று தெரியும், என் சக ஆசிரியர்கள் சிலர் செய்கிறார்கள். ஒரு பேட்சுக்கு 15 ரிப்போர்ட் வரும்போது திரையில் படித்தால் இரவு கண் எரிகிறது. திரையைப் பற்றி நீங்கள் சொன்னது எங்களுக்கும் பொருந்தும்தானே? மாறிய அத்தியாயத்தை மட்டும் அடித்து வந்தால் போதும் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்கு அவ்வளவுதான் முடியும்.

நாலாம்_செமஸ்டர்

சரி, குழுவுக்குக் கொடுக்கும் கடிதத்தை இப்படி எழுதலாமா? பக்கக் கணக்கை விட்டு 75 தாள் கணக்கு, மீதி அடுத்த செமஸ்டருக்குச் செல்லும். பிரிண்டரில் இருபக்க அச்சே இயல்பாக அமைந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் வேண்டுபவர் மாற்றிக்கொள்ளலாம். ஐடி கார்டு ஏற்பாடு வரட்டும். ரிப்போர்ட் விதியை மாற்ற அகாடமிக் கவுன்சிலுக்குப் பரிந்துரைக்க வேண்டும். ஓடி கடிதம், பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவம் எல்லாம் கல்லூரியின் ஈஆர்பி மென்பொருளிலேயே. எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்.

பி_பிளாக்_அந்தியூர்

இரண்டு வரி சேருங்கள், போடுகிறேன். ஒன்று, நூலகம் மாணவர் கணக்கை எந்தப் பலகையில் ஒட்டுகிறதோ அதே பலகையில் ஒவ்வொரு துறையும் அலுவலகமும் மாதம் எத்தனை ரீம் வாங்கியது என்பதும் ஒட்டப்பட வேண்டும். இரண்டு, விடுதியில் இருந்துகொண்டு லேப்டாப் இல்லாதவர்களுக்கு வரம்பு இரட்டிப்பு.

நாலாம்_செமஸ்டர்

இரண்டாவதைச் சேர்க்கிறேன். முதலாவதைச் சேர்த்தால் கடிதமே குப்பைக்குப் போகும். துறைக் கணக்கைக் கேட்க மாணவர்கள் யார் என்றுதான் முதல் கேள்வி வரும். ரிப்போர்ட் விதி மாறினாலே 36 ரீம் மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டீர்கள். அதைக் கைவிட்டுவிட்டு இதைப் பிடித்துத் தொங்க வேண்டுமா?

பி_பிளாக்_அந்தியூர்

யார் கேட்பது என்று கேட்டால், கட்டணம் கட்டுகிறவர்கள் என்று சொல்லுங்கள். அந்த வரி இல்லாத கடிதத்தில் என் கையெழுத்து இருக்காது. பி பிளாக்கில் தனியாக ஒரு கடிதம் தயார் செய்கிறோம். ரிப்போர்ட் விதி பற்றிய பகுதியை இரண்டு கடிதத்திலும் ஒரே மாதிரி எழுதிவிடுவோம், அதிலாவது சண்டை வேண்டாம்.

துறை_ஆசிரியை

அது நல்லது. கவுன்சிலுக்குப் போகும் பகுதியில் 'ஒரு பக்கத்துக்குப் பதில் இரு பக்கம்' என்று மட்டும் எழுதாதீர்கள். தாளின் தடிமனையும் குறிப்பிடுங்கள். 70 ஜிஎஸ்எம்-இல் இரண்டு பக்கமும் அடித்தால் பின்பக்கத்து எழுத்து மறுபக்கம் நிழலாகத் தெரிகிறது என்று யாராவது ஒருவர் கூட்டத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டுவார், தீர்மானம் அத்தோடு தள்ளிப் போகும். இரட்டைப் பக்கத்துக்கு 80 போடலாம். பைண்டிங்குக்கு விடும் ஓரம், முன்பக்கத்தில் இடது என்றால் பின்பக்கத்தில் வலது என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பக்கங்களில் எழுத்து பைண்டிங்குக்குள் போய்விடும்.

கேட்டுக்கு_எதிர்க்கடை

மேடம் சொன்னது சரிங்க. விதி மாறினால் அந்தச் சுற்றறிக்கை ஒரு பிரதி உங்கள் வாசலில் இருக்கும் கடைகளுக்கும் வரட்டும். இங்கே போன வருடம் ஒரு அணிக்கு 'பேக் டு பேக் போடலாம்' என்று வழிகாட்டி வாயால் சொல்லி அனுப்பினார். அடித்துக் கொடுத்தேன். துறையில் வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டார்கள். பையன்கள் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்கிறார்கள். மறு அச்சுக்கு நான் பாதிக் காசுதான் வாங்கினேன். எழுத்தில் ஒரு தாள் இருந்தால் கண்ணாடியில் ஒட்டி வைத்துவிடலாம், இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி.